தம்பியின் காருக்கு ஒரு பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் எடுத்தால் "வேலையில நிக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்கிறாய். பிறகு எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கோபமில்லை.

சித்தப்பாவின் மூத்தவன் வியாழக்கிழமை லொறி கொண்டு வடக்கு ஒன்ராறியோவில் நீ இருக்கிற ரிம்மின்ஸ் பக்கம் வருகிறான். அவனிடம் ஒரு பெட்டி கொடுத்துவிடுகிறேன். மிளகாய்த்தூள் இரண்டு போத்தல், பருத்தித்துறை வடை, நீ விட்டுப்போன கம்பளிக் காலுறை. ரோல்ஸ் வைக்கவில்லை, உனக்குத்தான் அது ஆகாதே. மிச்சமெல்லாம் காருக்கான சாமான். ஏன் இதெல்லாம் என்று கேட்காதே. நானும் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவோடும் சண்டைக்குப் போகாதே. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சலவைத் திரவம் வந்த பெரிய போத்தல் நான்கில் மணல் இருக்கிறது. கச்சான் வறுக்கிற மாதிரி அவணில் வறுத்து ஈரம் போக்கித்தான் நிரப்பினேன். ஈர மணல் உங்கள் ஊர்க் குளிருக்குக் கல்லாகிவிடும், அவசரத்துக்கு ஒரு பிடி எடுக்க முடியாது. உப்பை நம்பாதே. குளிர் -10, -15 என்று போனாலே உப்பின் வேலை குறைந்துவிடும், அங்கே இரவில் -30 வருகிறது. மணல் எந்தக் குளிரிலும் மணல்தான். அது பனியை உருக்காது, சில்லுக்குப் பிடிமானம் கொடுக்கும். மணல் முடிந்தால் கடையில் பூனைக்குப் போடுகிற மண் வாங்கு. மலிவான வெறும் களிமண் வகை போதும். கட்டி கட்டியாக ஒட்டுகிற வகையை வாங்கிவிடாதே, நனைந்தால் களியாகி இன்னும் வழுக்கும்.

சணல் சாக்கும் இரண்டு வைத்திருக்கிறேன். உன் கார் முன்சில்லு இழுக்கிற கார். முதலில் சவளால் முன்சில்லுகளைச் சுற்றியும் காரின் வயிற்றுக்கு அடியிலும் இருக்கிற சினோப்பனியைக் கிண்டி எடு. பிறகு சாக்கைச் சில்லுக்கு நெருக்கமாக, நீ போகிற பக்கம் விரி. சாக்கு இல்லையென்றால் காலுக்குக் கீழே கிடக்கிற காரின் மிதிப்பாய். அதுவும் இல்லையென்றால் பைன் மரக் கொப்பு, கார்ட்போர்ட் மட்டை. ஸ்டியரிங்கை நேரே வை. கார் தானாகவே சில்லைச் சுற்றவிடாமல் மறிக்கிற பொத்தான் ஒன்று இருக்கிறதாமே, அதை அந்த நேரம் நிறுத்திவிட்டு அக்சிலேற்றரை மெதுவாக அமத்து. யாராவது உதவிக்கு நின்றால் காருக்குப் பின்னால் நிற்கவிடாதே. சாக்கு அம்பு மாதிரிப் பறந்து வரும். அசையத் தொடங்கினால் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஊஞ்சல் ஆட்டு. சில்லு ஒரே இடத்தில் சுற்றினால் உடனே காலை எடு. சுற்றுகிற சூட்டில் சினோ உருகி, அடுத்த நிமிடம் கண்ணாடியாக உறையும். ஆத்திரத்தில் அமத்த அமத்தக் குழிதான் ஆழமாகும்.

இதெல்லாம் எனக்குக் கனடா கற்றுத் தந்தது என்றா நினைக்கிறாய்? ஊரில் வல்லிபுரக் கோயிலுக்குப் போகும்போது ஐயாவின் ஒஸ்ரின் கார் மணலில் புதையாத வருடமில்லை. நாங்கள் பிள்ளைகள் இறங்கி ஓடிப்போய்க் காவோலையும் பனைமட்டையும் பொறுக்கி வந்து சில்லுக்குக் கீழே அடுக்குவோம். ஐயா ரயரில் கொஞ்சம் காற்றை இறக்குவார், ரயர் அகலித்து மணலைப் பிடிக்கும். நீ காற்றை இறக்க வேண்டாம். திரும்ப அடிக்க அந்த ரோட்டில் என்ன இருக்கிறது? சங்கிலி இல்லாதவர்கள் ரயரில் கயிறு சுற்றுவதும் உண்டு. 1904-இல் நியூயோர்க் மாநிலத்தில் ஹரி வீட் என்பவர், சனம் அப்படிக் கயிறு சுற்றி ஓடுவதைப் பார்த்துத்தான் ரயர்ச் சங்கிலிக்குக் காப்புரிமை எடுத்தார் என்று அப்பா சொன்னார். கயிறு குழியிலிருந்து ஏறுவதற்கு மட்டும்தான். ஏறியதும் அவிழ்த்துவிடு, உள்ளே சிக்கினால் பிரேக் குழாயை அறுத்துவிடும்.

வின்ரர் ரயர் மாற்றிவிட்டாய்தானே? குளிர் 7 பாகைக்குக் கீழே போனாலே சாதாரண ரயரின் ரப்பர் விறைத்துவிடும். வடக்கில் இருக்கிற உங்களுக்கு ஆணி வைத்த ரயர் போடவும் அனுமதி இருக்கிறது, இங்கே எங்களுக்கு இல்லை. காசு வேண்டுமென்றால் சொல், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

நிலத்துக்குக் கீழே தங்கம் எடுக்கிற இடத்தில் எஞ்சினியர் என்று கோயிலில் ஒருவரையும் விடாமல் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே அத்தனை பேரின் உயிருக்குப் பொறுப்பாக நிற்கிறாய். ஆனால் 144-ஆம் நெடுஞ்சாலையில், சிக்னலும் வராத இடத்தில், இரவு ஒரு மனிதன் தனியே பள்ளத்தில் கிடந்தால் அவன் தன் தாய்க்குச் சொல்ல வேண்டாமா? பொதுவாகத்தான் கேட்கிறேன். மூன்று மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டபடி

சரி. இதற்கு மேல் எனக்குத் தெரியாத மாதிரி எழுத வராது.

தம்பி, அந்த மூன்று மணித்தியாலமும் புகைக்குழாயைப் பார்த்தாயா? நேற்றிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் மண்டைக்குள் நிற்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. உனக்கு நான் ஒரு நாளும் சொல்லாதது.

1999 ஜனவரி. மெல் லாஸ்ட்மன் மேயராக இருந்தபோது, சினோ வாருவதற்கு ரொறன்ரோவுக்கு ஆமியைக் கூப்பிட்ட அந்த ஜனவரி. பச்சை உடுப்பைத் தெருவில் கண்டு என் முழங்கால் நடுங்கியதை அப்பா இன்றும் சொல்லுவார். உனக்கு ஐந்து வயது. அன்று பின்னேரம் உன்னைப் பிள்ளை பார்க்கிற அன்ரி வீட்டில் இருந்து எடுத்துக்கொண்டு வரும்போது நீலக் கார் புதைந்துவிட்டது. நீ குளிருது என்றாய். பின்சீற்றில் உன்னை இருத்தி, ஹீற்றரைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு நான் கிண்டத் தொடங்கினேன். அள்ளிய சினோவை எல்லாம் எங்கே கொட்டினேன் தெரியுமா? காருக்குப் பின்னால். புகைக்குழாயை என் கையாலேயே மூடினேன். போக வழியில்லாத நச்சுப்புகை காருக்குள்ளே ஏறும் என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தபோது நீ தலையைச் சரித்துப் படுத்திருந்தாய். நித்திரை என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

எதிர்வீட்டுக் கயானாக்காரர் வந்துதான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து உன்னை வெளியே இழுத்தார். நீ சினோவில் சத்தி எடுத்தாய். கண் திறக்க நேரமெடுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று அவர் கத்தினார். நான் கொண்டுபோகவில்லை. பிள்ளையை எங்களிடம் இருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். இரவு முழுக்க உன் மூக்கடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். அப்பாவிடம், மத்தியானம் சாப்பிட்ட ரோல்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அதைக் கேட்டுக் கேட்டு நீயும் நம்பினாய். இத்தனை வருடம் கலியாண வீடுகளில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிக்க, நானும் பேசாமல் இருந்தேன்.

இனிப் புதைந்தால் முதலில் புகைக்குழாய். சில்லு பிறகு. குழாயைச் சுற்றி வழித்து எடுத்துவிட்டுத்தான் எஞ்சின். அதுவும் மணிக்குப் பத்து நிமிடம், காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவிட்டு. சினோ கொட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பார். மணல், சாக்கு எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே ராசா.

பெட்டியைத் திரும்பப் பிரித்து ரோல்ஸ் பன்னிரண்டு வைத்திருக்கிறேன். இறைச்சி ரோல்ஸ்தான். வரும்போது உறைந்திருக்கும், சூடாக்கிச் சாப்பிடு. பெட்டி கிடைத்த இரவு எத்தனை மணியானாலும் போன் எடு. நான் முழித்திருப்பேன்.

அம்மா