செயலாளரின் ஆண்டறிக்கை: தகவல் பகிர்வு மென்பொருளும் நம் பயனர் பட்டியலும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்புக் குழுக்களின் பிரதிநிதிகளுக்கும் வணக்கம். நம் மீட்புக் குழுக்களின் கூட்டமைப்புச் செயலாளர் என்ற முறையில் இந்த ஆண்டின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. தீர்மானங்கள் குறிப்பேட்டில் உள்ளன. முதலுதவிப் பயிற்சி நடந்தது. கயிறு மீட்புப் பயிற்சி ஒருமுறை தள்ளிப்போய்ப் பிறகு நடந்தது. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி மென்பொருள். ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு அதில்தான் போனது. "செயலாளர் களத்துக்கு வருவதை விடக் கணினி முன்னால் இருப்பதுதான் அதிகம்" என்ற பேச்சும் என் காதுக்கு வந்தது. அதனால் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்பதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தீயணைப்பு, ஆம்புலன்ஸ், படகு மீட்பு என எல்லாக் குழுக்களும் ஒரே வரைபடத்தில் ஒரே நிலவரத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எடுத்தோம். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில், உலக வர்த்தக மையக் கோபுரம் தாங்காது என்று காவல்துறை ஹெலிகாப்டரிலிருந்து வந்த எச்சரிக்கை தீயணைப்புத் துறையின் தலைமைக்குப் போய்ச் சேரவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, உள்ளே ஆட்களை வைத்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் தன்னார்வலர்கள் சகானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதியதும் இதே தேவைக்குத்தான். காணாமல் போனவர்கள், முகாம்கள், எந்த அமைப்பு எங்கே என்ன வேலை பார்க்கிறது என்ற விவரமெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டியிருந்தது.

மென்பொருளை நிறுவிவிட்டால் இதெல்லாம் தானாக நடக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். நடக்காது. யார் உள்ளே வரலாம், எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்பதை யாராவது ஒருவர் விடாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் பயனர் பட்டியலை அப்படி யாரும் கவனிக்கவில்லை. விலகிப் போனவர்கள் அதில் இருந்தார்கள். குழு மாறியவர்கள் பழைய குழுவின் அதிகாரத்தோடு இருந்தார்கள். சில குழுக்களில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். வீட்டைக் காலி செய்து போனவரிடம் சாவியை விட்டுவைத்தது போலத்தான் இது. அதுவும் எந்த வீடு? காயமடைந்தவர்களின் பெயரும் உடல்நிலையும் முகவரியும் இருக்கிற வீடு.

பொதுக் கணக்கில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய சாலையை யாரோ "போகலாம்" என்று மாற்றிவிட்டால், மாற்றியது யார் என்று பதிவு காட்டாது. யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? ஆகவே பொதுக் கணக்குகளை மூடி ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுத்தோம். பார்வையாளர், களப் பணியாளர், குழுப் பொறுப்பாளர், நிர்வாகி என்று நிலைகளைப் பிரித்தோம். சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டதாக ஒரு குழு கடிதம் எழுதியது. மூடுவதற்கு முன் எல்லாக் குழுக்களுக்கும் சுற்றறிக்கை போனது. நகல் கோப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்குக் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியே போதும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். புயலில் செல்பேசிக் கோபுரம் விழுந்தபின் முகாமில் செயற்கைக்கோள் இணைப்பு இருந்தாலும் ஓடிபி வராது. போனுக்குள்ளேயே 30 விநாடிக்கு ஒரு எண்ணை உருவாக்கும் செயலிக்குச் சிக்னல் வேண்டாம், போனின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். அதைத்தான் வைத்திருக்கிறோம், இனியும் அதுவே தொடர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இடத்தைக் குறிக்கும் முறையையும் ஒன்றாக்கினோம். 10.30 டிகிரி வேறு, 10 டிகிரி 30 நிமிடம் வேறு. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் இரண்டாவதைத் தசமத்தில் எழுதினால் 10.50. அட்சரேகையில் இந்த 0.20 டிகிரி வித்தியாசம் தரையில் சுமார் 22 கிலோமீட்டர். படகு வேறு ஊருக்குப் போய் நிற்கும். இனி தசம டிகிரி மட்டுமே ஏற்கப்படும்.

அப்புறம் ஒத்திகை. 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல என்ற எச்சரிக்கை மக்களின் செல்பேசிகளுக்குப் போனது. எச்சரிக்கை அனுப்பும் அலுவலகத்துக்குள் ஓர் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது தவறாகப் போன செய்தி அது. தவறு என்ற திருத்தம் அதே வழியில் மக்களை அடைய 38 நிமிடம் ஆனது. திருத்தத்தை ட்விட்டரில் உடனே போட முடியாததற்கு, தன் கணக்கின் கடவுச்சொல் தனக்குத் தெரிந்திருக்கவில்லை என்று அந்த மாநில ஆளுநர் பிறகு சொன்னார். எச்சரிக்கைச் செய்திகளுக்காக 2004-ல் வந்த கேப் என்ற பொது நெறிமுறையில், செய்தி உண்மையா, ஒத்திகையா, சோதனையா என்று குறிப்பிடுவது கட்டாயம். நாமும் அதையே பின்பற்றுகிறோம். ஒத்திகைக்குத் தனிச் சர்வர், தனி நிறத் திரை. இரண்டு சர்வர் எதற்கு, வீண் செலவு என்று கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில்.

கூட்டு ஒத்திகைக்குப் பாதிக் குழுக்கள்கூட முழுமையாக வரவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். வந்த ஒரு குழுவின் பொறுப்பாளர் தன் கணக்கை அதுவரை திறந்தே பார்த்திருக்கவில்லை. அவர்கள் படகுகள் எங்கே நிற்கின்றன என்று போனில் கேட்டுக் கேட்டு வேறொருவர் வரைபடத்தில் ஏற்றினார். ஒத்திகை என்பதால் சரி. ராத்திரி வேளையில், ஆற்றில் ஆட்கள் இருக்கும்போது அப்படி ஏற்றிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கும்?

நிதி நிலையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக உள்ளன. சர்வர் வாடகை, காப்புப் பிரதி, பாதுகாப்புச் சான்றிதழ் (சர்வர் நம்முடையதுதான் என்று செயலிக்குக் காட்டும் மின்னணுச் சான்று) புதுப்பிப்பு ஆகியவையே முக்கியச் செலவுகள். சந்தா பாக்கி வைத்துள்ள குழுக்களின் பெயரை இங்கே வாசிக்கவில்லை. அந்தந்தக் குழுவுக்குத் தெரியும். சான்றிதழ் காலாவதியானால் சந்தா கட்டிய குழு, கட்டாத குழு என்று பார்க்காமல் எல்லோருடைய செயலியும் இணைய மறுக்கும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

தலைவருக்கும் பொருளாளருக்கும், பயிற்சிக்கு இடம் கொடுத்தவர்களுக்கும், இரவில் அழைத்தாலும் போனை எடுத்த தொழில்நுட்பத் தன்னார்வலர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஒவ்வொரு குழுவும் ஒரு பொறுப்பாளரையும், அவர் இல்லாதபோது பார்க்க ஒரு மாற்றாளரையும் நியமிக்க வேண்டும். யாராவது விலகினால் அன்றே தகவல் தர வேண்டும். முதன்மை நிர்வாகியின் வேலை இப்போது என் ஒருவன் கையில் இருக்கிறது. அது கூட்டமைப்புக்கு நல்லதல்ல. நான் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளிலும் வெள்ளம் வரலாம். துணை நிர்வாகி ஒருவர் வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்தும் இதுவரை யாரும் முன்வரவில்லை. கணினிப் படிப்பு தேவையில்லை. பட்டியலைப் பொறுமையாகச் சரிபார்க்கத் தெரிந்தால் போதும், மற்றதை நான் உடனிருந்து கற்றுத் தருவேன். இன்றைய கூட்டம் முடிந்ததும் மதிய உணவுவரை இதே அறையில்தான் இருப்பேன். விருப்பமுள்ளவர்கள் வந்து பேசலாம்.