செயலாளரின் ஆண்டறிக்கை 2024: இளையோர் இசை வகுப்புகள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, அங்கத்தவர்களே, பெற்றோரே, வணக்கம்.

யுத்தம் முடிந்த 2009 இல் முல்லைத்தீவில் பிறந்த பிள்ளைகள் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். முள்ளிவாய்க்கால் அவர்களுக்கு ஞாபகமில்லை. ஆனால் சுவரில் மாலை போட்ட படங்களும், காணாமல் ஆக்கப்பட்ட மாமாவைப் பற்றிய பேச்சும், அம்மா நித்திரை கொள்ளாத இரவுகளும் அவர்களோடு சேர்ந்தே வளர்ந்தன. வகுப்புக்கு வரும் மூத்தவர்கள் சிலர், யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள்.

வாய்ப்பாட்டு, வயலின் வகுப்புகள் வழமைபோல நடந்தன. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை எழுதியவர்கள் சித்தியடைந்தது சந்தோசம். ஆனால் பரீட்சைப் பக்கமே வராத தாளக் குழுவைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

அதில் ஒரு தம்பி, கோவில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் எழும்பிப் போய்விடுவார். ஆசிரியர் அவரை முதலில் தொடையில் ஆதிதாளம் போடவைத்தார். அப்புறம் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில், மெதுவாக. எவ்வளவு உரக்க வாசிப்பது, எப்போது நிறுத்துவது என்று கைகாட்டும் பொறுப்பும் அவருக்கே. குழு முழுவதும் அவர் கையைப் பார்த்து வாசிக்கும். பெரிய சத்தம் இப்போது அவர் சொல்லித்தான் எழும்புகிறது. மார்கழியில் தவிலைக் கேட்டு வாங்கி வாசித்தார்.

இதைச் சிகிச்சை என்று நாங்கள் சொல்லவில்லை. வைத்தியரிடம் போகவேண்டிய பிள்ளையை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போகிறோம். எங்களைப் போல யுத்தம் கண்ட பொஸ்னியாவின் மொஸ்தார் நகரில் 1997 இல் திறந்த பவரொட்டி இசை நிலையத்தில், முறையாகப் பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர்களே பிள்ளைகளோடு வேலை செய்தார்கள். எங்களிடம் அப்படி ஒருவரும் இல்லை. மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் இசை படித்த எங்கள் ஆசிரியர்களுக்கு உளவளத்துணைப் பயிற்சி பெற்றுக்கொடுப்பதுதான் அடுத்த ஆண்டின் முதல் வேலை.

உதவி தர வருகிறவர்களுக்கு முன்னால் பிள்ளைகளை யுத்தக் கதை சொல்ல வைப்பதில்லை என்று நிர்வாகசபை ஏகமனதாகத் தீர்மானித்தது. இதனால் ஓர் உதவி கைவிட்டுப் போனது. போனால் போகட்டும். பாட வந்த பிள்ளை பாடிவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

மிருதங்கங்களுக்குத் தோல் மாற்றிய செலவு உட்பட வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பெண்பிள்ளைகள் பலர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வகுப்பின் நடுவிலேயே எழும்புகிறார்கள். வகுப்பைக் காலையில் வைக்கும் பிரேரணை இன்று உங்கள் முன் வருகிறது. அதை நிறைவேற்றித் தருமாறு கேட்டு, அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்