கேரியரில் உட்கார்ந்து வந்தவனுக்கு

பாஸ்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள செந்தில்,

உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா போனில் சொன்னாள். சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார், விடாதே.

நான் ஒரு சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பான்-மாஸ் சேலஞ்ச். ஆகஸ்ட் முதல் வாரம், ஸ்டர்பிரிட்ஜிலிருந்து கடலோரம் புரோவின்ஸ்டவுன் வரை, இரண்டு நாளில் சுமார் 300 கிலோமீட்டர். ஓட்டுகிறவர்கள் தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டி டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குக் கொடுக்க வேண்டும். பில்லி ஸ்டார் என்பவர் தன் அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980-ல் 36 பேரோடு அவர் ஆரம்பித்தது இது. இப்போது ஆயிரக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

படிப்பை வைத்துக்கொண்டு இது எதற்கு என்று அம்மா கேட்டாள். அவளிடம் சரியாகச் சொல்ல வரவில்லை. உனக்குச் சொன்னால் புரியும்.

ரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த என் தங்கை கயலுக்கு பிளேட்லெட் இறங்கிப்போன அந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? பி நெகட்டிவ். "விடியறதுக்குள்ள ரெண்டு டோனர் வேணும்" என்று நர்ஸ் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நமக்குப் பதினாறு வயது, கொடுக்க முடியாது. உன் ஹெர்குலிஸில் டபுள்ஸ் போட்டு மதுரை முழுக்க ஒவ்வொரு காலேஜ் ஹாஸ்டலாகக் கதவைத் தட்டினோம். தெப்பக்குளம் தாண்டி செயின் கழன்றபோது நீ இறங்கி இருட்டில் தடவித் தடவி மாட்டினாய். கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையோடுதான் ஹாஸ்டல் வாசலில் நின்று "அண்ணே, ஒரு சின்னப் பொண்ணுண்ணே" என்று கும்பிட்டாய். இரண்டு பேர் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் பெயரைக்கூட நாம் கேட்கவில்லை. அன்றைக்கு என்னால் முடிந்தது மிதிப்பது ஒன்றுதான். இப்போதும் அதுதான் முடியும், அதனால்தான் போகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பிறகு இரண்டு வருஷம், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் கயலுக்கு மீதோட்ரெக்சேட். அம்மா எவர்சில்வர் தட்டில் எட்டு மஞ்சள் மாத்திரையை எண்ணி வைப்பாள். கயல் அவற்றை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக விழுங்குவாள். அந்த மருந்தின் கதையை இங்கே வந்துதான் படித்தேன். எல்லப்பிரகட சுப்பாராவ், ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். 1923-ல் இதே பாஸ்டனுக்கு வந்தார். அவருடைய அண்ணன் ஸ்ப்ரூ என்ற வயிற்று நோயில் இறந்துபோயிருந்தார். அந்த நோயைக் குணப்படுத்தும் ஃபோலிக் அமிலத்தைப் பிற்பாடு லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவின் குழு செயற்கையாகத் தயாரித்தது. ரத்தப் புற்றணுவும் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலத்தைத்தான் தேடும். அந்தப் புற்றணுவை ஏமாற்றி உள்ளே நுழைந்து வேலையைக் கெடுக்கிற மருந்துகளும் அங்கேதான் உருவாயின. அதில் ஒன்றை சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இங்கே ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. கொஞ்ச காலத்துக்குத்தான், ஆனாலும் அதுவரை அவ்வளவுகூட யாரும் பார்த்ததில்லை. அந்தக் கட்டுரை வந்தது 1948 ஜூனில். ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார், வயது 53. மீதோட்ரெக்சேட் அந்த மருந்தின் உடன்பிறப்பு.

நான் பணம் திரட்டுவது அந்த ஃபார்பர் ஆரம்பித்த இடத்துக்குத்தான், செந்தில். கயல் தட்டில் அடுக்கிய மாத்திரைக்குக் கொஞ்சமாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றிருக்கிறது.

தினமும் காலையில் பெட்ஃபோர்டு வரை போய் வருகிறேன். பழைய ரயில் பாதையை சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள், இருபக்கமும் மரம். முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது. மேடு ஏறும்போது பின்னால் நீ உட்கார்ந்திருக்கிற கனத்தை நினைத்துக்கொள்கிறேன்.

கயலுக்குப் பிளஸ் டூ பரீட்சை முடிந்துவிட்டது. முடிந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார். என் பனியனில் அவள் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டப்போகிறேன். அவள் கையெழுத்திலேயே வேண்டும், ஒரு தாளில் எழுதி வாங்கி போட்டோ எடுத்து அனுப்பு. அதன் கீழே உன் பெயரையும் நீயே எழுது.

அன்புடன்,
முத்து