புகைப்படப் போட்டிக்கு ரா கோப்பு ஏன் ஆகாது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் திருவிழாப் புகைப்படப் போட்டி அறிவிப்பைப் பார்த்தேன். கேமரா தரும் ஜேபெக் படத்தை அப்படியே அனுப்ப வேண்டுமாம்; ரா கோப்பிலிருந்து, அதாவது கேமரா சென்சாரில் பதிவானதைத் திருத்தாமல் வைத்திருக்கும் மூலக் கோப்பிலிருந்து, கணினியில் உருவாக்கிய படம் ஏற்கப்படாதாம். ஒட்டுவேலையைத் தடுக்க நினைத்திருக்கிறீர்கள், புரிகிறது. கோபுரத்தின் பின்னால் இல்லாத நிலாவைக் கொண்டுவந்து வைப்பவர்கள் எங்கள் தொழிலில் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த விதி அவர்களைப் பிடிக்காது. முறையாகப் படமெடுப்பவரைத்தான் வாசலில் நிறுத்தும்.

கேமரா தரும் ஜேபெக் கைபடாத படம் என்று யார் சொன்னது? ஷட்டரை அழுத்தியதுமே உள்ளே இருக்கும் சிப் ஒயிட் பேலன்ஸை, அதாவது எந்த வெளிச்சத்தில் எது வெள்ளை என்பதை, தீர்மானிக்கிறது, நிறத்தை ஏற்றுகிறது, விளிம்புகளைக் கூராக்குகிறது, வெளிச்சம் குறைந்தால் படத்தில் தோன்றும் இரைச்சல் புள்ளிகளை வழித்தெடுக்கிறது, கடைசியில் சுருக்கி எழுதுகிறது. ரா கோப்பு 14 பிட்டில் பதிவானால் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள். ஜேபெக்கின் 8 பிட்டில் 256தான். கழித்துக் கட்டியது திரும்பி வராது. கேமரா கம்பெனிப் பொறியாளர் முன்கூட்டியே செய்துவைத்த திருத்தம் செல்லும், படமெடுத்தவர் செய்தால் செல்லாது என்பது என்ன நியாயம்?

மதுரைக்காரன் என்பதால் அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியையே எடுத்துக்கொள்கிறேன். விடிந்தும் விடியாத வேளை. மேலே நீல வானம், கீழே தங்கக் குதிரையின் மீது மஞ்சள் ஃபோகஸ் லைட். இரண்டுக்கும் பொதுவாகக் கேமரா ஒரு நிறத்தை முடிவு செய்தால், ஒன்று வானம் கெடும், இல்லையென்றால் குதிரை பித்தளையாகிவிடும். வெளிச்சம் போதாமல் ஒளியுணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400 வரை ஏற்றியிருப்போம்; இரைச்சல் புள்ளிகளும் கூடியிருக்கும். தோப்பறை என்னும் தோல் பையிலிருந்து பக்தர்கள் பீய்ச்சும் தண்ணீர் துளித்துளியாகச் சிதறுவதில்தான் அந்தப் படத்தின் உயிரே இருக்கிறது. (பிரஷர் பம்ப் கொண்டுவந்து லென்ஸையே குளிப்பாட்டுகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.) கேமராவுக்குத் துளியும் ஒன்றுதான், இரைச்சல் புள்ளியும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. ஜேபெக்கில் மிஞ்சுவது மாவு கரைத்த மாதிரி ஒரு மங்கல். அதே நொடியின் ரா கோப்பை லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளிலோ, காசில்லாமல் கிடைக்கும் டார்க்டேபிளிலோ திறந்து இரைச்சல் நீக்கத்தைத் தணித்து வைத்தால் துளிகள் தனித்தனியாகத் தெரியும். குதிரையின் கழுத்தில் வெளுத்துக் கிடந்த வேலைப்பாடும் ஓரளவு மீளும். ஓரளவுதான், சென்சாரிலேயே முற்றிலும் வெளுத்துப்போன இடத்தை ராவாலும் மீட்க முடியாது. இதில் இல்லாத எதையும் யாரும் கொண்டுவந்து சேர்க்கவில்லையே.

செய்திப் படத்துக்குக் கணக்கு வேறு. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2015 நவம்பரில், ராவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம் என்று தனக்காகப் பணியாற்றும் வெளிப் புகைப்படக்காரர்களிடம் கேட்டுக்கொண்டது. ரா எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கூடவே ஜேபெக்கும் எடுத்து அதை அனுப்பச் சொன்னது. செய்திக்கு வேகம் வேண்டும். நானும் கல்யாண வரவேற்பில் அன்றிரவே திரையில் ஓட்ட வேண்டிய படங்களை ஜேபெக்கில்தான் எடுக்கிறேன். தங்கள் போட்டிக்கு அந்த அவசரம் எதற்கு?

உண்மை தெரிய வேண்டுமென்றால் ரா கோப்பைத்தான் கேட்க வேண்டும். லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் நாம் செய்யும் நிறத் திருத்தங்களைத் தனியாகக் குறித்துவைக்கின்றன. ராவில் பதிவான காட்சி அப்படியே இருக்கும். ஜேபெக் அப்படியல்ல. நிலாவை ஒட்டிச் சேமித்து, கேமரா விவரங்களையும் அதில் எழுதிவிட ஒரு சின்ன மென்பொருள் போதும். வேர்ல்டு பிரஸ் போட்டோ என்ற சர்வதேசப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான்.

தாங்களும் எல்லோரிடமும் ஜேபெக்கையே வாங்குங்கள். அது ராவிலிருந்து வந்ததா என்று கேட்க வேண்டாம். தேர்வாகும் படங்களுக்கு மட்டும் ரா கோப்பைக் கேளுங்கள். ஜேபெக்கில் மட்டும் எடுத்தவரிடமும் செல்போனில் எடுத்தவரிடமும் அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேட்கலாம். 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று 25 முதல் 30 எம்பி வரை வரும், மின்னஞ்சலில் போகாது. பென் டிரைவில் தங்கள் மதுரை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ நடத்தும் வாசகர்,
செல்லூர், மதுரை.