மணல்தொட்டிச் சிநேகிதம்

டூசல்டார்ஃப்
16 நவம்பர் 2025

அன்புள்ள சுபா,

உன் மெயில் கிடைத்தது. நீ நாலு பக்கத்துக்கு எழுதினால் ஒன்று தலைகால் புரியாத சந்தோஷம், இல்லையென்றால் கடுங்கோபம். திருச்சி ஹாஸ்டலிலிருந்தே அதுதான் வழக்கம். இந்தத் தடவை கோபம் என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. படித்ததும் போன் பண்ணலாம் என்று பார்த்தால் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். சரி, எழுதியே விடுவோம் என்று மகள் கயலைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உன் மகன் ஆதிக்குப் பேச்சு சரியாக வராத விஷயம். வீட்டில் தமிழ், ஆயாவோடு கன்னடம், பிளேஸ்கூலில் இங்கிலீஷ், லிஃப்டில் இந்தி, பிள்ளை குழம்பாமல் என்ன செய்வான், இனி இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று அந்த டாக்டர் சொன்னாராமே. அவசரப்பட்டுத் தமிழை நிறுத்திவிடாதே. இங்கே எனக்கு ஒரு போலந்துக்காரத் தோழி இருக்கிறாள். சரியாகப் பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அவள் தொழில். நீ எழுதியதை அவளிடம் சொன்னேன். இரண்டே கேள்வி கேட்டாள். காது கேட்கிறதா என்று பரிசோதித்தார்களா? பையன் சொல்லும் வார்த்தைகளை எல்லா மொழியிலும் சேர்த்து எண்ணினார்களா, ஒரு மொழியில் மட்டுமா? நாலு மொழி காதில் விழுவதால் பேச்சு தாமதமாகாது, உண்மையிலேயே தாமதம் இருந்தால் அது எல்லா மொழியிலும் தெரியும், அப்போது தகுந்தவரிடம் காட்ட வேண்டும், வீட்டு மொழியை நிறுத்துவது வைத்தியமே இல்லை என்கிறாள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. காதை மட்டும் இந்த மாதமே பார்த்துவிடு.

எண்ணுவது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இங்கே குழந்தை பிறந்ததுமே ஒரு மஞ்சள் புத்தகம் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு வயதிலும் நடக்கும் பரிசோதனையை டாக்டர் அதில் எழுதிக்கொண்டே வருவார். இரண்டு வயதில், பிள்ளை எவ்வளவு பேசுகிறது என்றும் பார்ப்பார்கள், ஐம்பது வார்த்தையாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கயலுக்கு அப்போது ஜெர்மன் வார்த்தை விரல்விட்டு எண்ணினால் தீர்ந்துவிடும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று சாயங்காலம் விளையாட்டுத் திடலில், மணல்தொட்டி ஓரத்தில், நாங்கள் மூன்று அம்மாக்கள் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டோம். தண்ணி, காக்கா, ச்சீ, இந்தா, வேணாம், ஆச்சி, தொப்பை. அப்புறம் ஜெர்மனில் ஆட்டோ (கார்), நைன் (இல்லை), பால். அங்கே வந்து ஒரு பஞ்சாயத்து. ஜெர்மனில் பால் என்றால் பந்து. நம் பாலும் இருக்கிறதே, இதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா? இரண்டாகத்தான் என்று போலந்துக்காரி தீர்ப்பு சொன்னாள். பக்கத்தில் யூக்கி என்ற ஜப்பானியப் பையனின் அம்மா தன் பட்டியலில் நாய்க்கு 'வான்வான்', காருக்கு 'பூபூ' என்று ஜப்பானியக் குழந்தைப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியதும் மூன்று பேரும் கை தட்டினோம். பிள்ளைகள் அதைச் சட்டை செய்யாமல் ஒருத்தர் தலையில் ஒருத்தர் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

நீ கேட்ட இன்னொன்றுக்கு வருகிறேன். "உனக்கு மட்டும் எப்படிடி ஆள் கிடைக்கிறது? எங்கள் அபார்ட்மென்டில் முன்னூறு வீடு, ஒருத்தியோடும் ரெண்டு வார்த்தை பேச முடியவில்லை" என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் முதல் ஒரு வருஷம் யாரும் கிடைக்கவில்லை. இவர் காலையில் ஆபீஸ் போனால், பிறகு நானும் கயலும் ஜன்னலும்தான். கிடைத்ததெல்லாம் கீட்டாவில்.

கீட்டா என்பது இங்கத்து பாலர் பள்ளி. ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு அதில் இடம் கேட்க 2013 ஆகஸ்டிலிருந்து சட்டப்படி உரிமை உண்டு. கேட்டதும் கிடைக்குமா என்பது வேறு கதை, அதைப் பாளையங்கோட்டை வரும்போது சொல்கிறேன். நம் ஊரில் முதல் நாள் பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டு, அழுகையைக் கேட்டுக்கொண்டே கேட்டைச் சாத்திவிட்டு வருவோம் இல்லையா? இங்கே அப்படி இல்லை. முதல் சில நாள் அம்மாவோ அப்பாவோ வகுப்பு மூலையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் பத்து நிமிஷம் வெளியே போய் இருக்கச் சொல்வார்கள். அப்புறம் அரை மணி. இப்படியே வாரக்கணக்கில் நடக்கும். அந்த வெளியே என்பது, செருப்பும் கோட்டும் மாட்டும் நடைதான். எழுத்து தெரியாத பிள்ளைகள் என்பதால் ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு படம் ஒட்டியிருக்கும். கயலுக்கு முள்ளெலி, யூக்கிக்கு ஆமை, மொராக்கோ பெண் அயாவுக்கு குடை. அந்தப் படங்களுக்குக் கீழே, பிள்ளைகள் உட்காரும் முழங்கால் உயர பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்து, கதவுக்குப் பின்னால் அழுவது யார் பிள்ளை என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். ஒரு நாள் அயாவின் அம்மா திடீரென்று என் பக்கம் திரும்பி, அவளுக்குத் தெரிந்த ஜெர்மனில், "நான் தனி. நீயும் தனி. காபி?" என்றாள்.

அவ்வளவுதான், ஆரம்பம்.

அரைகுறை மொழியில் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது சுபா. நாசூக்காகப் பேச வராது. பெருமை அடிக்க வராது. "என் மகள் ராத்திரி முழுக்கத் தூங்கிவிடுவாள்" என்று பீற்றிக்கொள்ளக்கூட இலக்கணம் போதாது. தூங்கவில்லை, அழுதேன், அம்மா ஞாபகம், மாமியார் கஷ்டம் என்று நேராகத்தான் சொல்ல வரும். ஊரில் ஐந்து வருஷம் பழகினாலும் சொல்லத் தயங்கும் விஷயத்தை இங்கே ஐந்தாம் நாளே சொல்லிவிட்டோம். இப்போது எல்லோருக்கும் ஜெர்மன் கொஞ்சம் தேறிவிட்டது. பிள்ளைகள்தான் திருத்துகிறார்கள். கயல் என் ஆண்பால் பெண்பால் தப்பையெல்லாம் கடைக்காரர் முன்னாலேயே திருத்துகிறாள், மானம் போகிறது. நாங்களும் கொஞ்சம் நாசூக்கு பழகிவிட்டோம், அதில் எனக்கு வருத்தம்தான்.

சாப்பாடுதான் எங்களை இன்னும் நெருக்கியது. இங்கே பிறந்தநாள் என்றால் பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை விருந்தாளி என்று பல வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. (இதை மட்டும் நம் ஊருக்கு இறக்குமதி செய்தால் எவ்வளவு மிச்சம்!) போகும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை மிட்டாய் கொடுப்பார்கள். அதில் பாதிக்குமேல் கம்மி மிட்டாய், கம்மி மிட்டாய் என்றால் பெரும்பாலும் ஜெலட்டின், ஜெலட்டின் என்றால் பன்றி அல்லது மாடு. நாங்கள் சைவம், அயா வீட்டில் பன்றி ஆகாது. ஆக, கடைக்குப் போனால் அயாவின் அம்மாவும் நானும் பொடி எழுத்தைப் படிக்க ஆளுக்கொரு பாக்கெட்டைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு நிற்போம். பழப் பசையில் செய்தது ஒன்று அகப்பட்டால் மற்றவளுக்கும் சேர்த்து வாங்கி வருவது எழுதாத ஒப்பந்தம். இரண்டு மதம், ஒரே மிட்டாய்.

அப்புறம் உடுப்பு. மழையோ பனியோ, பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிடுவார்கள். அதற்கு ரப்பர் மாதிரி வழுவழுப்பான சேற்றுக் கால்சட்டை ஒன்று வேண்டும், தோள்பட்டை வார் வைத்தது. எனக்கு அது தெரியாமல் கயலை உல்லன் பேண்டோடு அனுப்ப, போலந்துக்காரி மறுநாளே தன் மகன் யானெக் போட்டுச் சிறிதாகிப்போன ஒன்றைக் கொண்டுவந்து முள்ளெலி கொக்கியில் மாட்டிவிட்டாள். நான் கேட்கவே இல்லை. கயலுக்கும் அது சிறிதானதும் அயாவின் தம்பிக்குப் போயிற்று. முழங்காலில் ஒட்டுப்போட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது தமிழ். இதில் நான் நினைத்ததும் நடந்ததும் வேறு வேறு. வீட்டில் இரண்டு பேரும் தமிழ்தானே பேசுகிறோம், தானாக வந்துவிடும் என்றிருந்தேன். புரிந்துகொள்வாள், பதில் ஜெர்மனில் வரும். "கயல், தமிழ்ல சொல்லு" என்றால் வாயை மூடிக்கொள்வாள். போலந்துக்காரி ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். பெல்ஜியத்தில் டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ் பகுதியில், வீட்டில் வேறு மொழியும் பேசும் கிட்டத்தட்ட 1,900 குடும்பங்களைக் கேட்டு எழுதியது, 2007இல் வந்தது. அதில் சுமார் கால்வாசிக் குடும்பங்களில் பிள்ளைகள் அந்த வீட்டு மொழியைப் பேசவே இல்லையாம், காதால் கேட்டு வளர்ந்தும். அப்பா ஒரு மொழி அம்மா ஒரு மொழி என்று பங்கு பிரிப்பார்களே, 1913இல் ரோன்ழா என்ற பிரெஞ்சுக்காரர் தன் மகனை வைத்து எழுதிப் பிரபலமான முறை, அதுவும் எல்லா வீட்டிலும் பலிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் இருவருமே வீட்டு மொழியைப் பேசிய குடும்பங்களில்தான் மிக அதிகமாக நிலைத்தது. நாங்கள் இரண்டு பேரும் தமிழ் பேசுகிறோம், ஆனாலும் கயல் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

புரியவைத்தது துர்க்கா அக்கா வீடு. யாழ்ப்பாணத்துக்காரர், 80களின் கடைசியில் சின்னப் பிள்ளையாக இங்கே வந்தவர். பேருந்து நிறுத்தத்தில் நான் கயலை அதட்டியது காதில் விழுந்து, "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டு அறிமுகமானார். அவர் மகனுக்கும் கயல் வயதுதான். நான் அந்தப் பையனை நம்பித்தான் போனேன், இரண்டும் சேர்ந்து தமிழ் பேசும் என்று. பார்த்தால் இரண்டும் ஜெர்மனில் சண்டை போடுகின்றன! ஆனால் அந்த வீட்டில் அவர்களுடைய அம்மம்மா இருக்கிறார். அவருக்கு ஜெர்மன் வராது. அவர் கையில்தான் பலகாரத் தட்டு. முதல் நாள் கயல் தட்டைக் கை காட்டினாள். அம்மம்மா சிரித்துக்கொண்டே, "என்ன வேணும் எண்டு வாயால சொல்லுங்கோ" என்றார். ரொம்ப நேரம் பிடிவாதம். பிறகு, "முறுக்கு வேணும்." ஒரு மாதத்தில், "அம்மம்மா, இன்னும் ஒண்டு தாங்கோ." வீட்டில் நான் எத்தனையோ கெஞ்சி நடக்காதது. நானும் இவரும் ஜெர்மன் தெரிந்தவர்கள் என்று அவளுக்குத் தெரியும். எங்களிடம் தமிழ் பேச அவளுக்கு என்ன அவசியம்? அம்மம்மாவிடம் அவசியம் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. வீடியோ காலில் பாளையங்கோட்டை ஆச்சியிடம், "ஆச்சி, என்ன செய்யிறீங்கள்?" என்று இழுத்திருக்கிறாள். எங்கள் அம்மா, "என்னளா இது, சிலோன் ரேடியோ மாதிரி பேசுது!" என்று சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். மாமியாருக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல். பேசாமல் இருந்த பிள்ளை பேசுகிறதே, எந்த ஊர்த் தமிழாக இருந்தால் என்ன? அடுத்த வருஷம், ஈழத்தமிழர்கள் சனிக்கிழமைகளில் நடத்தும் தமிழ்ப்பள்ளியிலும் சேர்க்கப்போகிறேன்.

துர்க்கா அக்காவோடு இந்தக் கோடையில் ஹாம் என்ற ஊரில் இருக்கும் கோயில் தேருக்கும் போனோம். 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயில், தொழிற்பேட்டைக்கு நடுவில் கோபுரம் நிற்கிறது. யூக்கியையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். ஆயிரக்கணக்கில் தமிழ் முகத்தைப் பார்த்ததும் கயல் என் சேலையைப் பிடித்து இழுத்து, "இவங்க எல்லாரும் நம்ம வீட்டு மொழியா?" என்று கேட்டாள். யூக்கி தேர் வடத்தைத் தொட்டுவிட்டு வீடு வரைக்கும் கையைக் கழுவமாட்டேன் என்று அடம்.

அந்த யூக்கி குடும்பம் மார்ச்சில் டோக்கியோ திரும்புகிறது. இந்த ஊரில் ஜப்பானியக் கம்பெனிகள் நிறைய, இம்மர்மான் தெருவில் போனால் கடைப் பலகையெல்லாம் ஜப்பானிய எழுத்து. ஆனால் பலரும் சில வருஷத்துக்கென்று வருகிறவர்கள், ஏப்ரலில் அங்கே புதுக் கணக்கு வருஷம் தொடங்குமுன் மாற்றல் வந்துவிடும். கயலிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யூக்கியின் அம்மாவைக் கேட்டால், அவளுக்கே தெரியவில்லை. இந்தச் சிநேகிதங்களில் இது ஒரு தொல்லை. பிள்ளைகளால் வந்த பழக்கம், பிள்ளைகள் பிரிந்தால் நிற்குமா? நிற்கும் என்று இரண்டு பேரும் சத்தியம் செய்திருக்கிறோம். பார்ப்போம்.

உனக்கு நான் சொல்வது இதுதான். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஆள் தேடாதே, அங்கே தண்ணி லாரியும் பார்க்கிங்கும்தான் பேசுவார்கள். தினமும் ஒரே நேரத்துக்கு, ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கு, ஆதியை ஊஞ்சல் பக்கம் கூட்டிப் போ. அதே முகங்கள் வரும். உதவி செய்யப் போகாதே, கேட்டுப் பார். "ஒரு துடைக்கிற துணி இருக்குமா?" என்று கேட்கிறவளோடு பழகுவது எல்லோருக்கும் சுலபம். உன் மாடியில் இருக்கும் அந்தக் கன்னடத்துப் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாயே, ஆதி கன்னடத்தில் பேசினால்தான் கடலை மிட்டாய் கொடுப்பாராம். சலித்துக்கொள்ளாதே, அவரை விடாதே. தமிழுக்கும் அந்த மாதிரி ஒருத்தர் கிடைத்தால் போதும். உன் அம்மாவைப் பொங்கல் வரைக்குமாவது பெங்களூருவில் வந்து இருக்கச் சொல்லேன். ஸ்டோரிவீவர் என்று பிரதம் புக்ஸின் தளம் இருக்கிறது, காசு கிடையாது. ஒரே கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் எடுத்து, பாட்டிக்கு ஒன்றும் உனக்கு ஒன்றுமாக அச்சடித்துக்கொள். நான் அயாவின் அம்மாவுக்கு அப்படித்தான் அரபியில் எடுத்துக் கொடுத்தேன்.

மற்றபடி எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ஜனவரி 10ஆம் தேதி சென்னை, அன்று ராத்திரியே நெல்லை ரயில். பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருப்போம், நீயும் ஆதியோடு வந்துவிடு. அவன் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுது. இங்கே பிள்ளைகள் உடுப்பெல்லாம் உயரக் கணக்குத்தான், சேற்றுக் கால்சட்டை ஒன்று வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
கல்பனா