முதலில் வலிக்கு மருந்து

ஆசிரியருக்கு,

தீராத நோயாளி மருத்துவ உதவியுடன் உயிர்துறக்கும் உரிமைக்கான சட்டமூலத்தை பிரித்தானியக் கீழ்ச்சபை 2025 ஜூன் 20 அன்று 314க்கு 291 வாக்குகளால் நிறைவேற்றியதைச் சுட்டி, இங்கே இலங்கையிலும் அது வேண்டும் என்று தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆறு மாதத்துக்குள் இறப்பு எதிர்பார்க்கப்படுபவர், தானே விரும்பிக் கேட்க வேண்டுமாம். சரி, தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் நோயோடு கிடப்பவர் கேட்டால் அது விருப்பமா, பிள்ளைகளின் கடனை நினைத்தா?

புற்றுநோயில் கிடந்த என் அம்மா, "என்னைப் போக விட்டுருங்கய்யா, செலவாவது மிச்சம்" என்றார். கொழுந்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வலி தணிக்கும் மோர்பின் கொடுத்த மறுநாள் காலை பிளேன்டீ கேட்டார். அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை. அரசாங்கம் முதலில் தோட்ட வைத்தியசாலைகளுக்கு வலி நிவாரண மருந்தும் பயிற்சி பெற்ற தாதியும் தரட்டும். சட்டத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

தோட்டத் தொழிலாளியின் மகன்,
ஹட்டன்.