கிராம மண்டப அறிவிப்புப் பலகையை மீண்டும் நிறுவித் தர வேண்டி மனு

அனுப்புநர்:
கோயில் தெரு, ஆற்றோரத் தெரு குடியிருப்போர்
(கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்:
தலைமை நிர்வாக அதிகாரி அவர்கள்,
மாவட்டக் கவுன்சில், மொரிஷியஸ்.

நாள்: 10 நவம்பர் 2025

பொருள்: புயலில் விழுந்த அறிவிப்புப் பலகையை மீண்டும் நட்டுத் தருதலும், ஊர் விழா நாள்களையும் பொதுப்பணி நாள்களையும் அதில் முன்கூட்டியே ஒட்டுதலும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவின் ஆங்கிலப் பிரதியை இணைத்திருக்கிறோம். அலுவலகக் கோப்புக்கு அது போதும். தமிழிலும் எழுதியது ஓய்வுபெற்ற தமிழாசிரியனான என் பிடிவாதம். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும் நாட்டில் ஒரு மனுவில் இருக்கக் கூடாதா என்று கேட்டேன். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்கள்.

எங்கள் கிராம மண்டபத்தின் முன், வாதுமை மரத்தடியில், தகரக் கூரை போட்ட ஒரு மரப்பலகை இருந்தது. 15 ஜனவரி 2024, தைப்பொங்கலன்று, பெலால் புயல் மரத்தையும் பலகையையும் சேர்த்தே சாய்த்துவிட்டது. தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட நாள் அது. ஒரு பலகைக்காக அன்று யாரும் உங்கள் கதவைத் தட்டவில்லை; தட்டியிருந்தால் அது வெட்கக்கேடு. ஆனால் இரண்டு ஆண்டு ஆகப் போகிறது. மரத்தின் அடிக்கட்டை மட்டும் அங்கே நிற்கிறது.

அந்தப் பலகையில் என்ன இருந்தது என்று கேட்கலாம். தீமிதி நாள், தண்ணீர் வராத நாள், குப்பை வண்டி கிழமை மாறிய செய்தி, இளைஞர்களின் கால்பந்துப் போட்டி, முதியோர் சங்கத்தின் கடற்கரைப் பயணம், நவம்பர் பிறந்தால் யார் வீட்டில் லிச்சி விற்கிறார்கள் என்பது. ஒருமுறை காணாமல் போன ஆட்டைப் பற்றி மூன்று வாரம் ஒரு காகிதம் தொங்கியது; ஆடு கிடைத்த பிறகும் அதைக் கிழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. பலகை வருவதற்கு முன் இந்த வேலையையெல்லாம் மூலையிலிருந்த சீனக் கடைதான் செய்தது. கடனுக்கு அரிசி வாங்கப் போனவர் ஊர்ச் செய்தியை இலவசமாக வாங்கி வந்தார். இப்போது கடையும் இல்லை. எங்கள் முதியவர்களுக்குத் தவறாமல் வந்து சேரும் செய்தி ஒன்றுதான்: வானொலியில் வாசிக்கும் இறப்பு அறிவிப்பு.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்பதற்கு இந்த ஆண்டுக் காவடியைச் சொல்கிறேன். 11 பிப்ரவரி 2025 அன்று தைப்பூசம். பத்து நாள் விரதம் முடித்தவர்கள் காலையில் ஆற்றங்கரையில் அலகு குத்திக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டோம். பாலம் தாண்டியதும் சாலை வெட்டிக் கிடந்தது. வடிகால் வேலையாம், இரண்டு நாள் முன்புதான் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் ஜல்லிக் குவியல். வெறுங்காலோடு, தோளில் காவடியோடு, கூரான கருங்கல் மீது நடந்தோம். செம்புப் பால் திரியாமல் சந்நிதி சேர வேண்டும் என்பது இங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை. அந்த வெயிலில் முக்கால் மணி நேரம் வழியிலேயே நின்றால் எந்தப் பால் திரியாமல் இருக்கும்? ஓர் அம்மாள் செம்பைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே அழுதார். பக்கத்து வீட்டுக் கிறித்தவக் குடும்பத்தார் ஓடி வந்து சாக்குகளை நனைத்துக் கல்லின் மேல் விரித்தார்கள். அவர்கள் வீட்டுப் பையனும் அன்று எங்களோடு காவடி எடுத்திருந்தான்.

விசாரித்தபோது, இணையப் பக்கத்தில் முன்னரே அறிவித்தாயிற்று என்று பதில் வந்தது. உண்மையாக இருக்கலாம். அந்தப் பக்கத்தைப் பார்க்கத் தெரிந்த பேரன் வேலைக்குப் போயிருந்தான்.

வடிகால் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 30 மார்ச் 2013 அன்று தலைநகர் வெள்ளத்தில் 11 உயிர்கள் போனதை இந்தத் தீவில் யார் மறப்பார்? வேலை செய்தவர்களுக்கும் தைப்பூசம் அந்தத் தெரு வழியாகத்தான் வரும் என்று தெரிந்திருக்காது. அவர்கள் நாள் எங்களுக்குத் தெரியாது, எங்கள் நாள் அவர்களுக்குத் தெரியாது. புயலுக்கு நான்கு படி எச்சரிக்கை வைத்திருக்கும் நாட்டில் தெருவை வெட்டுவதற்கு ஒரு படியாவது இருக்கலாம்.

விடுமுறைப் பட்டியலைப் பார்த்தால் போதாதா என்பீர்கள். போதாது. தைப்பூசம் தை மாதப் பூச நட்சத்திரத்தை ஒட்டி வருவதால் தேதி மாறிக்கொண்டே இருக்கும்: 2022இல் ஜனவரி 18, 2024இல் ஜனவரி 25, இவ்வாண்டு பிப்ரவரி 11. அந்த ஒரு நாளாவது அரசுப் பட்டியலில் இருக்கிறது. கொடியேற்றம், தீமிதி, புரட்டாசிச் சனிக்கிழமைக் கோவிந்தன் பூசை ஆகியவை எந்தப் பட்டியலிலும் இல்லை. கோயிலுக்குக் கோயில் வேறுபடும். வரும் பிப்ரவரியையே பாருங்கள். 1ஆம் தேதி தைப்பூசம். அடிமைமுறை ஒழிப்பு நினைவு நாளும் அதுவே. 15ஆம் தேதி மகா சிவராத்திரி. கங்கா தலாவ் புனித ஏரிக்கு நடந்து போகும் கூட்டம் அதற்குப் பல நாள் முன்பே எங்கள் சாலையில் வரத் தொடங்கிவிடும். 17ஆம் தேதி சீனப் புத்தாண்டு. அதை ஒட்டி ரமலான் நோன்பும் தொடங்கும். இத்தனையும் புயல் பருவத்தின் நட்டநடுவில்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். வரும் தைப்பூசத்துக்கு ஜனவரி 23ஆம் தேதி வாக்கில் கொடியேறும். அதற்கு முன் பலகை நின்றுவிட வேண்டும். கோயிலும் மசூதியும் தேவாலயமும் கால்பந்துக் குழுவும் ஆண்டு முழுவதற்குமான தங்கள் நாள்களை டிசம்பருக்குள் கிராமக் கவுன்சிலில் எழுதிக் கொடுத்துவிடுவோம். இதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்டாயிற்று. நீங்களும் சாலை, வடிகால், குடிநீர் வேலைகளின் நாள்களை ஒரு வாரம் முன்னதாகவாவது அதே பலகையில் ஒட்டச் செய்ய வேண்டும். நாங்கள் நாள் தருகிறோம், நீங்களும் நாள் தாருங்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். மரமும் தச்சுக் கூலியும் எங்கள் பொறுப்பு. இரும்புக் கால்களும் அடித்தளக் கான்கிரீட்டும் அனுமதியும் மட்டும் உங்களிடமிருந்து வர வேண்டும். முன்னால் கண்ணாடி வேண்டாம். அடுத்த புயலில் அது தெருவெல்லாம் சிதறும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள் என்று கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளே வீட்டில் பேசுவது இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். அறிவிப்பு கிரியோலில், மூக்குக் கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி பெரிய எழுத்தில் இருக்கட்டும். அதன் கீழே தமிழில் ஒரு வரி எழுதப் பள்ளியில் தமிழ் படிக்கும் மாணவர்கள் ஆவலாக இருக்கிறார்கள். பிழையைத் திருத்த நான் இருக்கிறேன்.

இடத்தைப் பார்க்க உங்கள் பொறியாளரை அனுப்புங்கள். எந்தச் சனிக்கிழமை காலையானாலும் மண்டப வாசலில் நாங்கள் நிற்போம். வாதுமையின் அடிக்கட்டையிலிருந்து நான்கடி தள்ளிக் குழி தோண்டினால் வேர் தடுக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோயில் தெரு, ஆற்றோரத் தெரு குடியிருப்போர்

இணைப்பு: ஆங்கிலப் பிரதி, கையொப்பத் தாள்கள், பழைய பலகையின் நிழற்படம் ஒன்று (ஆட்டு அறிவிப்புடன்).